மச்சாளும் நானும் மால்டாவுக்குப் போனது

என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து, மால்டாத் தீவுக்குப் போகிற ஒரு சின்னக் குழுவில் எனக்கும் இடம் பதிந்தாயிற்று என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். நான் ஒரு ஆரம்பப் பாடசாலையின் சமையலறையில் வேலை செய்கிறேன். அக்டோபரில் ஹாஃப் டேர்ம் என்று ஒரு கிழமை, ஏழு நாள், லீவு வரும். அந்தக் கிழமையை நான் கிழக்கு லண்டனில் குட்மேய்ஸ் வீட்டில் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தே கழித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

"எனக்கு உந்த இடமெல்லாம் எதுக்குப் பிள்ளை?"

"சேர்ச் ஆக்கள்தான் அம்மா. ஒன்பது பேர். நீங்கள் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை. பஸ்ஸில ஏறச் சொன்னா ஏறுங்கோ, இறங்கச் சொன்னா இறங்குங்கோ."

அந்தக் குழுவை நடத்துகிறவர் எங்கள் பங்குக் கோவிலுக்கு வருகிற ஒரு மலேசியத் தமிழர். படிக்க வந்து, இங்கேயே பொறியியலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருடத்துக்கு ஒரு தடவை, தெரிந்தவர்களைச் சேர்த்து, மனைவியோடு எங்கேயாவது அழைத்துப்போவார். பழைய கோவில்கள், கோட்டைகள், அருங்காட்சியகங்கள். போகிற ஊரில் ஒரு வழிகாட்டியைப் பிடித்துக்கொள்வார். இந்த முறை மால்டா, ஐந்து நாள். வட்ஸ்அப்பில் குழுவும் வைத்திருந்தார். அதை நான் திறந்து பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் போயிருக்கமாட்டேன்.

கட்விக் விமான நிலையத்தில் அவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். அவருக்குப் பக்கத்தில், கறுப்புக் கோட்டும் கழுத்தைச் சுற்றிய சால்வையுமாக, பெட்டியின் பிடியை இரண்டு கையாலும் பற்றியபடி என் மச்சாள் நின்றார். என் கணவரின் அக்கா. தெற்கு லண்டனில் சட்டனில் இருக்கிறவர். வருவதாக இருந்த யாரோ ஒருவருக்குக் கால் முறிந்ததில், கடைசி நேரத்தில் இவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. எங்களுக்குள் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை என்பது அந்த மலேசியக்காரருக்கு எப்படித் தெரியும்?

"வாங்க வாங்க. ரெண்டு பேரும் ஸ்ரீலங்கா, ரெண்டு பேரும் தனியா வர்றீங்க. ஒரே ரூம் போட்டுட்டேன். பேசிக்கிட்டே இருக்கலாம்ல?" என்றார் சந்தோஷமாக.

மச்சாள் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"நல்லது ஐயா" என்றார்.

நானும் ஓம் என்று தலையாட்டினேன். வெளி ஆட்களுக்கு முன்னால் குடும்பத்தைப் பிரித்துக் காட்டக்கூடாது என்ற ஒன்றில் மட்டும் நாங்கள் இருவரும் அப்போதும் ஒரே வீட்டுப் பெண்கள்தான்.

என்ன நடந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

என் கணவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது அது எலும்புக்கும் போயிருந்தது. அதற்குப் பிறகு ஒன்பது கிழமைதான் இருந்தார். டொக்டர் சொல்லி முடித்து, நாங்கள் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, நான் காரை ஸ்டார்ட் பண்ணப் போனபோது, அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அக்காட்டச் சொல்லாதையும்."

"அதெப்பிடி சொல்லாமல் விடுறது?"

"சொல்லாதையும். அவ அழுதா எனக்குச் சாகப் பயம் வந்திடும்."

அவருக்கு நாலு வயதில் தாய் இறந்துபோனார். மன்னாரில் அந்த வீட்டில் அவரைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, பள்ளிக்கூடம் அனுப்பியது மச்சாள்தான். லண்டனுக்கு வந்த பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் எடுப்பார். அந்த ஒன்பது ஞாயிறும் எடுத்தார். போன் வரப்போகிற நேரம் தெரியும் என்பதால் என் கணவர் முன்கூட்டியே எழும்பித் தலையணையில் சாய்ந்து, சுடுதண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமித் தயாராக இருப்பார். "தடிமன் அக்கா, சளிதான். வேற ஒண்டும் இல்லை" என்பார். சிரிப்பார் கூட. போனை வைத்த பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு அவரால் வாய் திறக்க ஏலாது.

கடைசி நாள் காலையில் நான் மச்சாளுக்குப் போன் அடித்துச் சொன்னேன். அவர் தன் மகளோடு தெற்கு லண்டனிலிருந்து புறப்பட்டு, நகரத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, தம்பி போய் முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. அவர் தம்பியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் சூடு இருக்கு" என்றார். அடக்கம் முடிந்து எல்லோரும் நிற்கும்போதுதான் என் முன்னால் வந்து சொன்னார்:

"என்ர தம்பியை என்னட்ட இருந்து ஒளிச்சுப்போட்டாய் நீ."

எப்போதும் என்னை நீர் என்று கூப்பிடுகிறவர். உங்கள் தம்பிதான் சொல்லவேண்டாம் என்றார் என்று ஒரு வசனம் நான் சொல்லியிருக்கலாம். ஆனால் மண் போட்டு இன்னும் ஈரம் காயாத மனிதன்மேல் பழியைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. அன்று சொல்லாததைப் பிறகு சொல்ல இடம் வரவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கும் அவர் வரவில்லை. நான் அடித்த போன்களை அவர் எடுக்கவில்லை.

மால்டாவின் தலைநகர் வலெட்டாவில் எங்கள் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. இரண்டு கட்டில்கள், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டாக நடக்கலாம், அவ்வளவு இடம். மச்சாள் சுவர்ப் பக்கத்துக் கட்டிலில் தன் பெட்டியை வைத்தார். செபமாலையைச் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார். காலையில் நான் இரண்டு கோப்பை தேத்தண்ணீர் போட்டேன். அவருடையது ஆறி ஆடை படிந்தது. அதை நான்தான் வாஷ் பேசினில் ஊற்றினேன்.

வழிகாட்டி அந்த ஊர்ப் பெண். அறுபது வயதிருக்கும், கட்டையாக வெட்டிய நரைத்த முடி, தடித்த அடியுள்ள சப்பாத்து. ஒவ்வொருவருக்கும் காதில் மாட்ட ஒரு சின்னக் கருவி தந்தார். தான் முன்னால் நடந்துகொண்டே மெல்லப் பேசுவதை அதில் கேட்கலாம். யாரும் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. எனக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது.

முதல் நாள் புனித அருளப்பர் பேராலயத்துக்குப் போனோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பண்டகசாலை மாதிரி இருக்கும். உள்ளே கால் வைத்தால் ஒரு சுவரிலும் வெறும் கல் தெரியாது, எல்லாம் பொன். நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, வழிகாட்டி காதுக்குள், "கீழே பாருங்கள்" என்றார். தரை முழுவதும் கல்லறைகள். நூற்றுக்கணக்கான பிரபுக்கள், ஒவ்வொருவருக்கும் நிறம் நிறமான பளிங்கில் ஒரு பலகை, அதில் மண்டையோடும் எலும்பும் மணற்கடிகாரமும் பதித்திருந்தன. "இவர்கள் தங்கள்மேல் மற்றவர்கள் நடக்கவேண்டும் என்றுதான் இங்கே படுத்தார்கள்" என்றார் அவர். குழுவில் மற்றவர்கள் நடந்தார்கள். மச்சாள் நடக்கவில்லை. சுவர் ஓரத்தில் கல்லறை இல்லாத ஒரு சின்னக் கரை இருந்தது. அதிலேயே ஒற்றைக் காலாய் வைத்து வைத்துப் போனார். சிறிது தூரம் போன பிறகுதான் கவனித்தேன், நானும் அவருக்குப் பின்னால் அதே கரையில்தான் போய்க்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாம் நாள் பழைய தலைநகருக்குப் போய், அதற்கு வெளியே நிலத்தடிக் கல்லறைகளைப் பார்த்தோம். கல்லில் வெட்டிய ஒடுங்கிய படிகளால் ஒருவர் பின் ஒருவராக இறங்கவேண்டும். கீழே குளிர், நனைந்த சுண்ணாம்பு மணம். இரண்டு பக்கமும் பாறையில் குடைந்த குழிகள், பெரியவர்களுக்குப் பெரிதும் குழந்தைகளுக்குச் சிறிதுமாக. ஒரு திருப்பத்தில் கொஞ்சம் அகலமான இடம் வந்தது. அங்கே பாறையிலேயே ஒரு வட்ட மேசை செதுக்கியிருந்தார்கள். முழங்கால் உயரம்தான் இருக்கும். சுற்றிவர விளிம்பு, கழுவின தண்ணீர் வழிய ஒரு வெட்டு. மேசையைச் சுற்றிச் சாய்ந்திருக்கச் சரிவான கல்.

"அடக்கம் பண்ணிய பிறகு குடும்பம் இங்கே இருந்து சாப்பிடும்" என்று வழிகாட்டி சொன்னார். "வருடம் வருடம் அந்த நாளில் வந்து திரும்பவும் சாப்பிடுவார்கள். செத்தவர்களும் தங்களோடு சாப்பிடுகிறார்கள் என்று நினைத்தார்கள்."

குழு அடுத்த அறைக்கு நகர்ந்தது. நான் அந்த மேசையைப் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

"கடைசியா என்ன சாப்பிட்டவன்?"

ஒரு கணம் அது காதுக்குள் இருக்கும் கருவியில் வந்ததென்று நினைத்தேன். மச்சாள் எனக்குப் பின்னால் நின்றார்.

"பாண்" என்றேன். "பாணைத் தேத்தண்ணியில தோய்ச்சுத் தரச் சொன்னவர். ரெண்டு வாய்தான்."

"சீனி போட்டதோ?"

"ஓம். கூடப் போடச் சொன்னவர்."

"சலரோகம் எண்டு நீர் அவனுக்குச் சீனி குடுக்கிறேல்லை."

"அண்டைக்குக் குடுத்தனான் மச்சாள்."

அவர் தலையை அசைத்தார். கையை நீட்டி அந்த மேசை விளிம்பை ஒரு தடவை தடவினார். அங்கே தொடவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்; தொட்டார். பிறகு மற்றவர்கள் போன பக்கம் போய்விட்டார். அவர் என்னை நீர் என்று சொன்னது, வெளியே வெயிலுக்கு ஏறி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் படகில் கோசோத் தீவுக்குப் போனோம். மால்டாவுக்கு வடக்கே இருக்கிற சின்னத் தீவு அது. வயல்களுக்கு நடுவே, பக்கத்தில் வீடு வாசல் ஒன்றும் இல்லாமல், ஒரு பெரிய மாதா கோவில் தனியாக நிற்கும். பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கிற அறைகளின் சுவர் முழுவதும் நேர்த்திப் பொருட்கள். சுகமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள், கை கால் முறிந்தபோது போட்ட கட்டுகள், நசுங்கின மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், குழந்தைகளின் சட்டைகள், பல பாஷைகளில் கடிதங்கள். வழிகாட்டி எங்களுக்கு அரை மணித்தியாலம் தந்தார். இங்கே தான் ஒன்றும் விளக்கப்போவதில்லை என்று சொல்லி வெளியே போய்விட்டார்.

மச்சாள் ஒரு குழந்தைச் சட்டைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வாரும். உம்மோட ஒரு கதை இருக்கு."

கோவிலின் பக்கவாட்டில் ஒரு தாழ்ந்த கல்மதில் இருந்தது. காற்று பலமாக அடித்தது. அவர் சால்வையை இறுக்கிக்கொண்டு இருந்தார். நானும் இருந்தேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்குச் சூலகத்தில கட்டி. ஓவரி கான்சர்தான் எண்டு சொல்லிப்போட்டினம். ஊருக்குப் போனாப்பிறகு வாற வியாழன் பெரிய டொக்டரைப் பாக்க வேணும். ஒப்பரேஷனுக்கு நாள் தருவினம்."

அவருடைய 'ஊர்' இப்போது லண்டன்தான் என்று ஒரு பைத்தியக்கார யோசனை எனக்குள் ஓடியது.

"மகளுக்குத் தெரியாது" என்றார். "அவளுக்கு ஏழாம் மாதம். மூண்டு தரம் தங்காமல் போய், இது நாலாவது. நான் இதைச் சொன்னா அவளுக்கு என்ன ஆகும்? பிள்ளை பிறக்கட்டும். பிறகு சொல்லுறன்."

"அதுவரைக்கும் எப்பிடி மச்சாள்? ஒப்பரேஷன் எண்டா வீட்டில இருக்கிறவளுக்குத் தெரியாதோ?"

"அதுக்குத்தான் உம்மட்டக் கேக்கிறன். நீர் என்னோட வாரும். முழங்காலுக்கு ஒப்பரேஷன் எண்டு அவளுக்குச் சொல்லுவம். கொஞ்ச நாள் உம்மட வீட்டில நிக்கிறன் எண்டும் சொல்லுவம். டொக்டர்மார் சொல்லுறதையும் நீர் எனக்கு விளங்கப்படுத்தலாம். உமக்கு உதெல்லாம் பழக்கம்."

"ஏன் நான்?"

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"ஒளிக்கத் தெரிஞ்ச ஆள் நீர்தானே."

அவர் அதைக் குத்திச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க ஏலாமல் போனது. ஒரு தச்சனிடம் போய் உனக்குத் தச்சு வேலை தெரியுமே என்று கேட்பதுபோல, சாதாரணமாகச் சொன்னார். இரண்டு வருடமாக நான் பல்லைக் கடித்து வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"நான் ஒளிக்கேல்லை மச்சாள். அவர்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர்."

"என்ன?"

"காருக்குள்ள வைச்சுச் சொன்னவர். அக்காட்டச் சொல்லாதையும் எண்டு."

"அவனோ சொன்னவன்? என்ர தம்பியோ?"

"ஓம்."

"ஏன்?"

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கவேண்டும். தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மதிலில் இருந்துகொண்டு இன்னுமொன்றை ஒளிக்க எனக்குச் சக்தி இல்லை.

"நீங்கள் அழுதா தனக்குச் சாகப் பயம் வந்திடும் எண்டு சொன்னவர்."

மச்சாளின் முகம் அசையவில்லை. காற்றில் சால்வையின் தலைப்பு வந்து வாயில் அடித்தது, அதைக்கூட விலக்கவில்லை. வழிகாட்டி மினிபஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கி எங்களைக் கூப்பிட்டார். மச்சாள் எழும்பிப் போய், டிரைவருக்குப் பக்கத்து ஒற்றை இருக்கையில் இருந்துகொண்டார்.

திரும்பி வருகிறபோது படகில் எல்லோரும் குளிருக்கு உள்ளே இருந்தோம். அவர் மட்டும் வெளியே கம்பியைப் பிடித்தபடி நின்றார். நான் கண்ணாடியூடாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலேசியக்காரரின் மனைவி ஒரு கோப்பி வாங்கிவந்து தந்து, "அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "கடல் பாக்கிறா" என்றேன். அன்று சாப்பாட்டுக்கும் அவர் வரவில்லை.

நாலாம் நாள் காலை எங்கே போனோம் என்று என் மகள் பிறகு கேட்டபோது எனக்கு ஞாபகம் வரவில்லை. படகுகளின் முன்பக்கத்தில் கண் வரைந்த ஒரு மீன்பிடித் துறை என்று மட்டும் நினைவு. பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பு வலெட்டாவில் துறைமுகத்துக்கு மேலே இருக்கிற தோட்டத்துக்கு வந்தோம். கீழே தளத்தில் பீரங்கிகள் வரிசையாக இருந்தன. நண்பகலில் ஒன்றைச் சுடுவார்கள் என்று எல்லோரும் கம்பியருகே நெருக்கி நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் பின்னால் ஒரு நீள மர வாங்கில் இருந்தேன். மச்சாள் வந்து பக்கத்தில் இருந்தார். கண் வீங்கியிருந்தது.

"ஓம்" என்றார். "நான் அழுதிருப்பன்."

நான் கொஞ்சம் தள்ளி அவருக்கு இடம் விட்டேன்.

"நாள் முழுக்க அவனைப் பிடிச்சுக்கொண்டு கத்தியிருப்பன். செபக் கூட்டம் கூட்டியிருப்பன். வாற போற எல்லாரிட்டயும் சொல்லியிருப்பன். அவன் என்னைச் சரியாத்தான் அறிஞ்சு வைச்சிருக்கிறான்."

பீரங்கி வெடித்தது. நாங்கள் இருவரும் திடுக்கிட்டோம். புகை மேலே வந்தது, ஆட்கள் கைதட்டினார்கள். சத்தம் அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"ஆனா நீர் அவன் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். "அவன் சாகப்போற ஆள். பயத்தில சொல்லுவான். நீர் இருக்கப்போற ஆள். நானும் இருக்கப்போற ஆள். அதை நீர் யோசிச்சிருக்க வேணும்."

அப்போதுதான் நான், யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். என் மகளுக்கும் சொல்லாதது. பங்குச் சுவாமியிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லாதது.

"மச்சாள், அவர் சொன்னது உண்மை. ஆனா எனக்கும் அது வசதியா இருந்தது. நீங்கள் வந்தா அவர் உங்கட தம்பியாப் போயிடுவார். எனக்கு மிச்சம் ஒன்பது கிழமைதான் இருந்தது. அதைப் பங்கு போட எனக்கு விருப்பமில்லை."

இப்படிச் சொன்னதும் அவர் எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் ஒரு பெரிய கப்பல் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிந்த பிறகு அவர் தலையைத் தூக்கினார்.

"எனக்கு ஒரு நாளாவது தந்திருக்கலாம்" என்றார்.

"ஓம். தந்திருக்க வேணும்."

அவர் என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து என்னிடம் தந்தார். "வாசிச்சுச் சொல்லும், இதில என்ன எழுதியிருக்கு எண்டு. எனக்குப் பாதிதான் விளங்கினது." நான் வாசித்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். எவ்வளவு பரவியிருக்கிறது என்ற வரியையும் விடவில்லை. அவர் இடையிடையே ஓம் என்றார்.

வாசித்து முடித்த பிறகு சொன்னேன்: "நான் உங்களோட டொக்டரிட்ட வாறன். எல்லா நாளும் வாறன். ஆனா மகளுக்கு முழங்கால் எண்டு சொல்ல மாட்டன். ஒருக்காச் செய்தனான். இன்னொருக்கா என்னால ஏலாது."

"பிள்ளைக்கு ஒண்டு நடந்தா?"

"அதுக்கு ஒருத்தரும் பொறுப்புச் சொல்ல ஏலாது. ஆனா அவள் வழியெல்லாம் காரில ஓடி வந்து, முக்கால் மணித்தியாலம் பிந்தினா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கொடூரமாகப் பேசினேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வேறு விதமாகச் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை.

அடுத்த நாள் கட்விக்கில் மச்சாளின் மகள் வந்து நின்றாள். வயிறு ஸ்டியரிங்கில் முட்டாமல் இருக்க இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, கையை நீட்டிப் பிடித்துக் காரை ஓட்டி வந்திருந்தாள். மாமியும் தாயும் ஒன்றாக வெளியே வந்ததைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைக் கட்டிப்பிடித்து, "மாமி, ஐ காண்ட் பிலீவ் திஸ்" என்று சிரித்தாள். நானும் சட்டனுக்கே போனேன்.

சமையலறை மேசையில் வைத்துத்தான் மச்சாள் சொன்னார். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. கோட்டும் கழற்றவில்லை. நான் கோசோவில் கேட்ட அதே வசனத்தைச் சொன்னார்: "எனக்குச் சூலகத்தில கட்டி." மகள் முதலில் தாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமிக்கு முதலே தெரியுமோ?"

"ரெண்டு நாளாத்தான் தெரியும் பிள்ளை."

அவள் மேசையில் கையால் அடித்தாள். ஆங்கிலத்தில் கத்தினாள். இந்தக் குடும்பத்தில் ஏன் எல்லோரும் இப்படி என்று கேட்டாள். தனியாக ஸ்கானுக்குப் போய், தனியாக இருந்து, தனியாகக் கேட்டுவிட்டு வந்து எனக்குச் சோறு தந்தீர்களா என்று கேட்டாள். அப்புறம் அழுதாள். மச்சாளும் அழுதார். நான் எழும்பிப் போய்க் கேத்திலைப் போட்டேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் நாட்காட்டியைத் திறந்து, "வட் டைம் இஸ் தி அப்பொயின்ட்மென்ட்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மூவரும் போனோம்.

ஒப்பரேஷன் நவம்பரில் நடந்தது. ஜனவரியில் பிள்ளை பிறந்தது, ஒரு பிரச்சினையும் இல்லாமல், ஒரு பெண் குழந்தை. மச்சாள் கீமோ எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் அதைத் தூக்கக்கூடாது என்று பயந்தார். பயப்படத் தேவையில்லை என்று நர்ஸ் சொன்னபோது அந்த நர்ஸின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துக் கொஞ்சினார். நான் லீவு கிடைக்கிற நாளெல்லாம் ஃபாரிங்டனில் ரயில் மாறிச் சட்டனுக்குப் போனேன். ஒரு கோடை முழுவதும் அவர் நன்றாக இருந்தார். ஈஸ்ட் ஹாம் நகைக்கடைக்குக்கூட வந்து பேத்திக்குக் காப்பு வாங்கினார், கடைக்காரரோடு விலை பேசிச் சண்டை போட்டார். நாங்கள் இருவரும் பழையபடி நெருங்கிவிட்டோம் என்று சொல்லமாட்டேன். முன்பும் நாங்கள் அவ்வளவு நெருக்கம் இல்லை. ஒரே மனிதனின் இரண்டு பக்கத்தில் நின்றவர்கள், அவ்வளவுதான். இப்போது நடுவில் அவர் இல்லாமல் ஒருவரை ஒருவர் முதல் தடவையாகப் பார்த்தோம்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் அந்த நோய் திரும்பி வந்தது.

கடைசிக் கிழமை அவரை வீட்டிலேயே, கீழ் அறையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்திருந்தோம். மகள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். சேர்ச் ஆட்கள் வந்தார்கள், சுவாமி வந்தார், ஹாரோவிலிருந்தும் பர்மிங்ஹாமிலிருந்தும் சொந்தம் வந்தது. வாசலில் சப்பாத்து வைக்க இடமில்லை. ஒரு நாள் பின்னேரம், வந்திருந்த பெண்களில் ஒருவர் கட்டிலருகே நின்று வாய்விட்டு அழத் தொடங்கினார். சொந்தத்தில் மூத்த ஒரு ஆண், "உதெல்லாம் நோயாளிக்கு முன்னால கூடாது, வெளியில போங்கோ" என்று அதட்டினார். நானும் எழும்பினேன், அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக. எனக்குள்ளும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மச்சாள் கண் திறந்தார்.

"அழட்டும், விடுங்கோ" என்றார். "எனக்குக் கேக்க வேணும்."

அவர் சொன்னதும் மற்றவர்களும் அழுதார்கள். மகள் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே அழுதாள். அது தாயின் முகத்தைப் பார்த்துத் தானும் கத்தியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே மச்சாள் என் பக்கம் கையை நீட்டினார். நான் குனிந்தேன்.

"பயமாக் கிடக்கு" என்றார் மெல்ல.

"ஓம் மச்சாள்" என்றேன். பயப்படவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மகளைக் கூப்பிட்டு மற்றக் கையைப் பிடிக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தார். போகிறபோது நாங்கள் எல்லோரும் அந்த அறைக்குள் இருந்தோம்.

என் கணவர் பயந்தது பொய்யான பயம் என்று நான் நினைக்கவில்லை. அழுகையைக் கேட்டால் பயம் வரும். மச்சாளுக்கும் வந்தது. ஆனால் பயத்தோடு அவர் தனியாக இருக்கவில்லை. என் கணவர், ஞாயிறுகளில் தொண்டையைச் செருமித் தயாராகி, தடிமன் என்று சிரித்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த அந்த ஒரு மணித்தியாலம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அப்போது கேட்கவே இல்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். கேட்டிருக்கலாம்.

சனிக்கிழமைகளில் இப்போதும் சட்டனுக்குப் போகிறேன். மகள் வேலைக்குப் போகிற நாள் அது. பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன். அவள் இப்போதுதான் மாடிப்படி ஏறப் பழகியிருக்கிறாள். தூக்க விடமாட்டாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு கையையும் ஊன்றி, முழங்காலை வைத்து, நின்று மூச்சு வாங்கி, மேலே அண்ணாந்து பார்க்கிறாள். நான் ஒரு படி கீழே, இரண்டு கையையும் விரித்துப் பிடித்தபடி, பின்னால் ஏறுகிறேன்.